கலங்கலா, தெளிவா? – பொறியியலாளர் ஐயாவைப் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், வன்னியில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்று, எண்பது வயதைக் கடந்த நிலையில் இறைவனடி சேர்ந்த ஒருவரைப் பற்றி அரைப்பக்க அஞ்சலிக் குறிப்பு எழுதியிருந்தேன். குளக்கட்டின் அடியில் கசியும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்க்கும் அவருடைய வழக்கத்தையும், அதிகாலைத் திருப்பலி தவறாத அவருடைய பக்தியையும் அதில் இரண்டொரு வரியில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டொரு வரிக்கு வந்த கடிதங்களால் மேசை நிறைந்துவிட்டது. ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதும் அவரைப் பற்றியதே. தம் பெயர் எந்தப் பலகையிலும் வேண்டாம் என்று அவர் சொல்லிவந்தவர் என்பதால், குடும்பத்தாரின் விருப்பப்படி இங்கும் பெயரைத் தவிர்த்து, ஊரார் அழைத்தபடி ‘பொறியியலாளர் ஐயா’ என்றே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பங்கில் அவருடன் வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியாதவற்றை அவருடைய துணைவியாரிடமும், அவரோடு நெடுங்காலம் வேலை செய்த ஓவசியரிடமும் (வேலை மேற்பார்வையாளர்) கேட்டு அறிந்துகொண்டேன்.

கேள்வி: அவரை நேரில் அறியாத என் போன்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளரை ஊர் இவ்வளவு தூரம் நினைப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.
– வாசகி, பரந்தன்

பதில்: மன்னார்ப் பக்கத்துக் கமக்காரக் குடும்பம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். 1957 மார்கழி வெள்ளத்தில் நாட்டின் பல குளங்கள் உடைப்பெடுத்தபோது அவர் பாடசாலைச் சிறுவன். முற்றிய பயிரின் மேல் சேறு படிந்து கிடந்ததையும், தந்தையார் வரம்பில் குந்தியிருந்து எதுவும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் கடைசிவரை சொல்லுவார். 1950 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் 1964 இல் பேராதனைக்கு இடம்மாறிய காலத்தில் அங்கே கற்று, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை வன்னியிலேயே கழித்தார். வெளிநாட்டு வேலை இரண்டு முறை தேடி வந்ததாகத் துணைவியார் சொல்கிறார். மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள்.

வியப்பு எதற்கு என்று எனக்குத்தான் தோன்றுகிறது. உங்கள் பரந்தன் வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளத்துக்கான திட்டத்தை 1885 இல் முன்வைத்தவர் ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். வேலை 1902 இல் தொடங்கி முடிய ஏறத்தாழ இரு பத்தாண்டுகள் சென்றன. 1930களில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அந்த நீரை நம்பியே கிளிநொச்சியை ஊராக்கினார்கள். கனகராயன் ஆற்றை ஒரு மண்கட்டு மறித்து நிற்பதால்தான் நாம் சோறு உண்கிறோம். அந்த மண்கட்டு தன்பாட்டில் நிற்பதில்லை; அதை ஒருவர் நாள்தோறும் நடந்து பார்க்க வேண்டும். கமக்காரர் அதை அறிவார்கள். அதனால்தான் ஐயாவின் இறுதிச் சடங்கன்று வட்டக்கச்சியிலிருந்தும் அக்கராயனிலிருந்தும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

கேள்வி: கசிவு நீரைக் குவளையில் ஏந்திப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் விரிவுரைகளில் கசிவைப் பற்றி நிறையப் படிக்கிறோம். ஆனால் ஒரு குவளையால் என்ன தெரிந்துகொள்ள முடியும்?
– பொறியியல் பீட மாணவன், அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: நான் பொறியியல் படித்தவன் அல்லன், அவரிடமிருந்தும் ஓவசியரிடமிருந்தும் கேட்டறிந்ததையே எழுதுகிறேன். கசியாத மண்கட்டு எங்கும் இல்லை. கசிவு தெளிவாக இருந்தால் நீர் மட்டுமே வருகிறது. அதற்கு வழிவிட்டுக் கண்காணித்தால் போதும். கசிவு கலங்கி வந்தால் கட்டின் உள்ளிருக்கும் மண்ணை நீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அரிப்பு உள்நோக்கி நீண்டு நீர்ப்பரப்பை எட்டிவிட்டால் கட்டு சில மணி நேரத்தில் போய்விடும். ‘நீர் வரட்டும், மண் வரக்கூடாது’ என்பது அவர் எல்லாத் தொழிலாளருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். இரவில் லாம்பு வெளிச்சத்தில், நிலத்தில் ஓடும் நீர் கலங்கலா தெளிவா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது; குவளையில் ஏந்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடியில் எவ்வளவு படிகிறது என்பதும் தெரியும். அவர் வைத்திருந்தது தடித்த அடியுள்ள சாதாரணத் தேநீர்க் குவளை. அதைப் பழைய துவாய்த் துண்டில் சுற்றி, வாகனத்தின் முன்பெட்டியில் செபமாலையோடு வைத்திருப்பார்.

அந்தக் குவளையின் கதை ஓவசியருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஐயா பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில், நத்தாருக்கு முதல்நாள் இரவு நடுத்தரக் குளம் ஒன்று, மிகை நீர் வழிந்து வான் பாயும் அளவுக்கு நிறைந்திருந்தது. இரவு பதினொரு மணியளவில் காவலுக்கு நின்ற கமக்காரர் ஒருவர், கட்டின் பின்புற அடியில் நீர் கொப்பளிப்பதைக் கண்டார். சோற்றுப் பானையின் வாயளவு ஊற்றுக்கண். அதைச் சுற்றி எறும்புப் புற்றின் வாயில் கிடப்பதுபோல் நுண்மணல் வளையமாகப் படிந்திருந்தது. செய்தி பரவ, ஆட்கள் களிமண்ணும் வைக்கோலும் சுமந்து ஓடி வந்தார்கள். துளையைக் கண்டால் அடைக்கத்தானே மனிதருக்குத் தோன்றும்? கோவிலுக்குப் புறப்பட்டு வெள்ளை உடுப்போடு வந்திறங்கிய ஐயா, களிமண் கூடைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாராம். அடைத்தால் உள்ளே அமுக்கம் கூடும், நீர் வேறோர் இடத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் என்று உரத்த குரலில் சொன்னார். அனுபவமுள்ள வயோதிபர்கள் ஏசினார்கள். அவர் கேட்டது ஆற்று மணல். முதலில் மணல், அதன்மேல் சிறு சல்லி, அதன்மேல் பெருங்கல். சுற்றிவர மண்மூடைகளால் ஒரு வளையம். மணல் மண்ணைத் தடுக்கும், சல்லி மணலைத் தடுக்கும், கல் எல்லாவற்றையும் அமர்த்திப் பிடிக்கும். நீர் மட்டும் தன் வழியே போகும். வளையத்துக்குள் ஓரளவு நீர் தேங்கி நிற்பதால் உள்ளிருந்து தள்ளும் வேகமும் தணியும்.

மழை விடவில்லை. இருட்டில் மாட்டுவண்டிகள் ஆற்றுக்கும் கட்டுக்கும் இடையே போய்வந்தன. ஒவ்வொரு மணி நேரமும் அவர் சேற்றில் முழந்தாளிட்டுக் குவளையை நிரப்பி லாம்புக்கு நேரே பிடித்தார். முதல் குவளை பால் தேநீரின் நிறம். இரண்டாவதில் அடியில் விரல் கனம் மண் படிந்தது. நான்கு மணியளவில் ஏந்திய குவளையின் ஊடாக லாம்பின் திரி அப்படியே தெரிந்தது என்று ஓவசியர் இன்றும் கையை உயர்த்திக் காட்டுகிறார். அதன் பிறகுதான் ஐயா குளக்கட்டின்மேல் உட்கார்ந்து, அந்தக் குவளையைக் கழுவி, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை ஊற்றிக்கொடுத்த தேநீரை அதிலேயே வாங்கிக் குடித்தார்.

தம்பி, நீங்கள் விரிவுரையில் படிக்கும் வடிகட்டிப் படலம் இதுதான் என்று நினைக்கிறேன். ஏட்டில் உள்ளதை நள்ளிரவில், ஊரே எதிர்த்து நிற்கும்போது நம்பிச் செய்யும் துணிவை அவர் எங்கே பெற்றார் என்பது வேறு கேள்வி. அதற்கு அடுத்த கடிதம் இடம் தருகிறது.

கேள்வி: கடவுள் காப்பார் என்று நம்புகிறவர் எதற்காக இரவெல்லாம் கட்டைக் காவல் காக்க வேண்டும்? அல்லது, கட்டைக் காப்பது பொறியியல் என்றால் செபமாலைக்கு அங்கே என்ன வேலை? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. என் மகன் என்னிடம் கேட்கிறான், எனக்கு விடை தெரியவில்லை.
– தாய் ஒருவர், மாங்குளம்

பதில்: இதே கேள்வியை எங்கள் பங்கின் இளைஞர்கள் ஒருமுறை அவரிடமே கேட்டார்கள். அவர் எசேக்கியா அரசனின் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னார். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியர் படையெடுப்பை எதிர்நோக்கிய எருசலேமுக்குள் நீர் கொண்டுவர, கீகோன் ஊற்றிலிருந்து சிலோவாம் குளம்வரை பாறையைக் குடைந்தார்கள். அரசர்கள் இரண்டாம் நூலின் இருபதாம் அதிகாரத்தில் இதற்கு ஒரு வசனம் மட்டும் உண்டு. சுரங்கத்தின் நீளம் 533 மீற்றர். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள இறக்கம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்தவர்கள் பாறைக்கு அப்பாலிருந்து ஒருவரையொருவர் அழைத்த குரலைக் கேட்டு, கோடரிக்கு எதிர் கோடரியாகச் சந்தித்தார்கள் என்று 1880 இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு சொல்கிறது.

ஐயா இதைச் சொல்லிவிட்டு இளைஞர்களிடம் ஒன்று கேட்டார்: எசேக்கியா செபிக்கவும் செய்தான், குடையவும் செய்தான், இவற்றில் எதை அவன் நம்பாமல் செய்தான் என்கிறீர்கள்? பிறகு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னார். பிறவியிலேயே பார்வையற்றவரை ஆண்டவர் சிலோவாம் குளத்தில் போய்க் கழுவும்படி அனுப்புகிறார். அந்தக் குளத்துக்கு நீர் வந்தது பெயர் தெரியாத கல் வெட்டும் தொழிலாளர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மட்டம் பிசகாமல் குடைந்த வழியால். அவர்கள் பிழையாகக் குடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மா, உங்கள் மகனுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவர் குவளையை ஏந்தும்போதும் செபமாலையை ஏந்தும்போதும் அவருடைய முகத்தில் ஒரே கவனத்தைத்தான் கண்டேன். கட்டைச் சோதிக்காமல் கடவுளிடம் ஒப்படைப்பதை அவர் பக்தி என்று ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை; தம் கடமையை ஆண்டவரின் தலையில் சுமத்தும் சோம்பல் என்றே அதைச் சொல்வார். அவருக்குப் பிடித்த புனிதர் சூசையப்பர். 1955 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே 1 ஐத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார் அல்லவா? அன்று எங்கள் கோவிலில் தச்சரும் மேசனும் கருவிகளைக் கொண்டுவந்து பீடத்தடியில் வைக்கும்போது, இவரும் ஓர் அளவு நாடாவைக் கொண்டுவந்து வைப்பார்.

கேள்வி: குளக்கட்டில் நாங்கள் பொங்கிப் படைத்த பிறகுதான் துருசு (மதகு) திறப்போம். வேதக்காரரான ஐயா அதற்கு எவ்வாறு உடன்பட்டார் என்று என் பேரன் கேட்கிறான். நான் கண்டதைச் சொன்னேன். நீங்களும் எழுதினால் நல்லது.
– கமக்காரர், வட்டக்கச்சி

பதில்: கண்டவர் நீங்கள், உங்கள் கடிதத்தில் உள்ளதையே வாசகருக்குத் தருகிறேன். பொங்கல் நடக்கும்போது ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் தொப்பி இல்லாமல், சற்றுத் தள்ளிக் கைகட்டி நிற்பார். பூசையில் பங்குகொள்ளமாட்டார், திருநீற்றுத் தட்டை அவரிடம் நீட்டி அவரைச் சங்கடப்படுத்த உங்களில் எவரும் முயன்றதில்லை. படையல் முடிந்ததும் உங்களோடு சம்மணமிட்டிருந்து உண்பார். துருசின் சுழல்பிடியில் கை வைக்கும் முன் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வார்; ‘ஐயா தன்ர சாமியைக் கும்பிட்டிட்டார், இனித் திறக்கலாம்’ என்று வட்டவிதானையார் குரல் கொடுப்பார். இரு பக்கத்திலும் எவ்வளவு மரியாதை இருந்தால் இது இயலும்!

நான் ஒன்றைச் சேர்க்கிறேன். அவர்மீது கமக்காரருக்கு இருந்த நம்பிக்கை, பொங்கலில் நின்றதால் மட்டும் வந்ததன்று. கோடைப் பயிருக்கான சிறுபோகக் கூட்டத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தால் வந்தது. மாரிப் பயிரான காலபோகம் மழையோடு போய்விடும். சிறுபோகத்துக்குக் குளத்தில் எத்தனை அடி நீர் எஞ்சியிருக்கிறதோ அத்தனை ஏக்கருக்குத்தான் விதைக்க முடியும். அதை யார் யாருக்குப் பங்கிடுவது என்பதில்தான் சகோதரர்களும் பகையாவார்கள். அளவுகோலில் கண்ட அடியை அவர் கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். ஆவியாகப் போவது இவ்வளவு, வாய்க்காலில் இழப்பது இவ்வளவு, கால்நடைக்கும் மீனுக்கும் அடியில் விட வேண்டியது இவ்வளவு என்று கரும்பலகையில் எல்லோரும் பார்க்கக் கழித்துக் காட்டுவார். வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவருக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்பதைத் தாமே மிதிவண்டியில் சென்று பார்ப்பார். தலைவாய்க்காலில் உள்ளவர் சொல்லும் கணக்கை அவர் எழுதிக்கொண்டதே இல்லை.

கேள்வி: இரவும் பகலும் குளத்தோடு கிடந்தவரை ‘நல்ல குடும்பத் தலைவர்’ என்று எழுதியிருந்தீர்கள். இறந்தவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தால் எழுதினீர்களா? என் கணவரும் இவ்வாறான வேலையில்தான் இருக்கிறார். எனக்கு உண்மை வேண்டும்.
– வாசகி, முழங்காவில்

பதில்: உங்கள் கேள்வியை அவருடைய துணைவியாரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் சிரித்துவிட்டு, ‘அந்தப் பிள்ளைக்கு உண்மையை எழுதுங்கோ’ என்றார்.

உண்மை இது. ஐப்பசி முதல் தை வரை அவர் வீட்டில் விருந்தாளி. திருவருகைக் காலமும் நத்தாரும் வன்னியில் மழைக்காலத்தின் நடுவில் வருவதால், பாலன் குடிலைப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர் கட்டிய ஆண்டுகள் மிகச் சில. மேலே நான் எழுதிய அந்த இரவில், துணைவியார் கைக்குழந்தையோடும் நான்கு வயது மகனோடும் நள்ளிரவுத் திருப்பலியில் தனியே இருந்தார். பிள்ளை வாங்கிலேயே தூங்கிப்போனான். விடிந்தபின் நடந்த திருப்பலிக்குத்தான் ஐயா வந்து, சேறு படிந்த காற்சட்டையோடு கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார். இரண்டாவது மகளின் முதல் நன்மை (முதன்முதல் நற்கருணை பெறும்) நாளன்றும் அவர் இல்லை. அதை அந்தப் பெண் பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தார். ‘வான் கதவு திறந்தபோது நான் இல்லாவிட்டாலும் திறந்திருப்பார்கள், உன் நன்மைக்கு நான் வந்திருக்க வேண்டும்’ என்று வயதுபோன காலத்தில் அவர் மகளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வேலையைக் காரணம் காட்டித் தப்பிக்காமல், தவறு என்று பெயர் சொல்லி ஒப்புக்கொண்டதைப் பெரிதாக நினைக்கிறேன்; ஆனாலும் அந்த நாள் திரும்பி வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் அவ்வாறு எழுதினேன்? வீட்டில் மாலை ஏழரைக்குச் செபமாலை. செபமாலையில் ஐந்து பத்து; வீட்டில் ஐந்து பேர்; ஆளுக்கொரு பத்து. மூன்றாம் பத்து அவருடையது. அவர் குளக்கட்டில் நின்றால், அந்த நேரத்தில் அங்கேயே தம் மூன்றாம் பத்தைச் சொல்லுவார். வீட்டில் அதைக் கடைசிப் பிள்ளை அப்பாவுக்குப் பதிலாகச் சொல்லும். குளக்கட்டிலும் வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மணிகள் உருளுகின்றன என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தொலைபேசி இல்லாத காலத்தில் அதுவே அந்தக் குடும்பத்தின் தொடர்பாக இருந்தது.

மழையில்லாத மாதங்களில் அவர் முழுவதும் பிள்ளைகளுக்கே உரியவர். ஆடித் திருவிழாவுக்கு ஒன்பது நாளும் மடு மாதா கோவிலில் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். சமையல் அவர் பொறுப்பு. மாலையில் ஒளிபுகும் குழாய் ஒன்றில் நீர் நிரப்பி, ஒரு முனையை ஒரு மரத்தோடும் மறு முனையைத் தூரத்து மரத்தோடும் பிடிக்கச் செய்து, இரண்டு மரத்திலும் ஒரே மட்டத்தைக் குறிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவார். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும் என்று குமிழியைத் தட்டித் தட்டி வெளியேற்றுவது அவர்களுக்கு விளையாட்டு. அந்த விளையாட்டு 2009 இல், போரால் இடம்பெயர்ந்து தங்கிய செட்டிகுளம் முகாமில் கைகொடுத்தது. மழைநீர் கூடாரங்களுக்குள் ஏறியபோது, வீசப்பட்டிருந்த சேலைன் குழாயைக் கழுவி நீர் நிரப்பி, அறுபது வயது கடந்த தந்தையும் வளர்ந்த மகளும் எதிர்எதிரே பிடித்து மட்டம் பார்த்து, நீர் எந்தப் பக்கம் வடியும் என்று கயிறு கட்டிக் கோடு காட்டினார்கள். அயல் கூடாரத்துப் பிள்ளைகள் தட்டையும் சிரட்டையையும் கொண்டு கான் வெட்டினார்கள். அன்று குழாயின் மறுமுனையைப் பிடித்தவர், முதல் நன்மைக்கு அப்பா வராததை மறக்காதிருந்த அதே மகள்தான்.

உங்கள் கணவரிடம் இதை வாசிக்கக் கொடுங்கள் அம்மா. ஆனால் மழைக்காலம் முழுவதையும் அவருக்கு மன்னித்து எழுதிக்கொடுக்கும்படி நான் சொல்லமாட்டேன். வரவேண்டிய நாட்கள் சில இருக்கின்றன. அவற்றை நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.

கேள்வி: ஒப்பந்தக்காரர்களிடம் அவர் கை நீட்டியதில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: உண்மை. நத்தாருக்கு வரும் பெட்டிகளில் கேக் இருந்தால் வேலைத்தளத்தில் வெட்டி எல்லோருக்கும் கொடுப்பார். மற்றவை வந்த வாகனத்திலேயே திரும்பிப் போகும். ஒருமுறை கட்டு உயர்த்தும் வேலையில், 6 முதல் 9 அங்குலப் படைகளாகப் பரப்பி இறுக்க வேண்டிய மண்ணை இரண்டடிக்குக் கொட்டி மேலால் மட்டும் உருளை ஓட்டியிருந்தார்கள். அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கி உருட்டி, இடுப்பளவிலிருந்து கீழே விட்டார். அது தூளாகிச் சிதறியது. ஈரமும் போதாது, இறுக்கமும் போதாது. முழுவதையும் வழித்தெடுத்து மீண்டும் போடச் செய்தார். ஒப்பந்தக்காரர் ஒரு மாதம் பேசவில்லை. ஐயா மறைந்த செய்தி கேட்டு முதலில் வந்து நின்றவர்களுள் அவரும் ஒருவர்.

கேள்வி: ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கிணறுகளை இறைக்க வேண்டாம் என்று சொல்லிச் சென்ற பெரியவர் இவர்தானா? அப்போது நான் சிறுமி. எங்கள் வீட்டார் அவர்மீது கோபப்பட்டது நினைவிருக்கிறது.
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: அவர்தான். 2004 மார்கழி (டிசெம்பர்) 26 ஞாயிற்றுக்கிழமை; நத்தாருக்கு மறுநாள். ஓய்வுபெற்றிருந்தவர் அன்று மாலையே கரைக்கு வந்தார். முதல் நாட்களில் அவர் செய்தது பொறியியல் வேலை அன்று. உடல்களைத் தூக்குவதிலும் அடக்கம் செய்வதிலும் நின்றார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்று கேட்டவர்களுக்கும் அவர் விளக்கம் சொன்னதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

கிணறுகளைப் பற்றி அவர் சொன்னதன் காரணத்தை அப்போது பலரும் விளங்கிக்கொள்ளவில்லை. கரையோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றில் புகுந்த கடல்நீரை வெளியேற்ற ஒருமுறை மெல்ல இறைத்துக் குப்பையை அகற்றலாம். ஆனால் உப்பு போகும்வரை இறைத்துக்கொண்டேயிருந்தால் கீழுள்ள உப்புநீர் மேலே இழுபட்டு வந்து, இருந்த நன்னீரும் கெடும். மழை பெய்து, மேலிருந்து நன்னீர் இறங்கி, உப்பைத் தானே தள்ள வேண்டும். உறவுகளையும் வீட்டையும் இழந்து நிற்பவரிடம் பொறுத்திருங்கள் என்று சொல்வது எவ்வளவு கடினம்! உங்கள் வீட்டார் கோபப்பட்டதில் பிழை இல்லை. அடுத்த மாரி கழிந்தபின் அவர் ஒவ்வொரு கிணறாக வந்து நீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். அது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

கேள்வி: என் தந்தையும் நீர்ப்பாசனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து அண்மையில் காலமானார். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் வெளியிட இருக்கிறோம். உறவினர் பட்டங்களையும் பதவிகளையும் வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். எனக்கு அது போதாமல் இருக்கிறது. என்ன எழுதுவது?
– மகன், மல்லாவி

பதில்: தந்தையாரின் மறைவுக்கு என் அனுதாபங்கள். பட்டமும் பதவியும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு ஒருநாள் தேவைப்படும். மற்றப் பக்கங்களுக்கு, வீட்டுக்கு வெளியே உள்ளவர்களிடம் போங்கள். அவருடைய சாரதி, துருசுக் காவலாளி, அவர் தேநீர் குடித்த கடைக்காரர், அவரோடு ஒருமுறையாவது சண்டை பிடித்த கமக்காரர் ஆகியோரிடம், அப்பாவின் கையைப் பற்றிக் கேளுங்கள்: கையில் என்ன வைத்திருந்தார், அதை எப்படிப் பிடித்தார்? குணத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ‘நல்ல மனிதர்’ என்று முடித்துவிடுவார்கள். கையைப் பற்றிக் கேட்டால் கதை வரும். ஐயாவின் குவளையை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அவருடைய வெளிக்களக் குறிப்புப் புத்தகங்கள் எஞ்சியிருந்தால் ஒரு பக்கத்தைப் படமாகச் சேருங்கள். கையெழுத்துக்கு ஈடான படம் இல்லை. தாயாரிடம் கடைசியாகக் கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், 31ஆம் நாளுக்கு முடியாவிட்டால் ஆண்டு நினைவுக்கு வெளியிடுங்கள். குறைகளையும் ஒன்றிரண்டு இடத்தில் விட்டுவையுங்கள். அவரை அறிந்தவர்கள் அங்கேதான் அவரை அடையாளம் காண்பார்கள்.

கேள்வி: ஐயாவின் நினைவாக அவர் காத்த குளக்கட்டில் மரங்கள் நட எங்கள் இளைஞர் குழு விரும்பியது. குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வருந்தினோம். காரணம் தெரியுமா?
– வாசகர், முறிகண்டி

பதில்: வருந்த வேண்டாம், உங்கள் அன்பை அவர்கள் மறுக்கவில்லை, இடத்தைத்தான் மறுத்தார்கள். கட்டில் வளரும் மரத்தின் வேர் கட்டினுள்ளே இறங்கும். மரம் பட்டுப்போய் வேர் உக்கினால் அந்த வழியே நீர் நுழையும். காற்றில் மரம் சாய்ந்தாலும் கட்டின் ஒரு பகுதியைப் பெயர்த்துக்கொண்டே விழும். ஐயா பணியிலிருந்த காலம் முழுவதும் கட்டில் முளைத்த ஆலங்கன்றையும் பாலைக்கன்றையும் கண்ட இடத்தில் பிடுங்கிக்கொண்டு நடந்தவர். அவர் நினைவாக அங்கே மரம் நட்டால் அதைப் பிடுங்க அவரே எழுந்து வருவார் என்றார் மூத்த மகன், தொலைபேசியில், அழுதுகொண்டே சிரித்தபடி.

கார்த்திகை (நவம்பர்) 2, மரித்த ஆன்மாக்களின் நினைவு நாளன்று குடும்பத்தார் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அன்று பின்னேரமே மூன்று மருதங்கன்றுகளைக் கோவில் வளவின் தாழ்ந்த பக்கத்தில், கான் ஓரமாக நட்டார்கள். நடும் இடத்தை மகள் ஒரு குழாயைப் பிடித்து மட்டம் பார்த்துத் தெரிந்தெடுத்தார். உங்கள் குழுவிடம் உள்ள கன்றுகளை அங்கே கொண்டுவாருங்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு கன்றுகளுக்கு இடம் இருக்கிறது. மாரி முடியுமுன் வந்தால் நீர் ஊற்றும் வேலையும் குறையும்.